எலி கண் திற

கொள்முதல் நிலையத்தில் ஆறாம் ராத்திரி.
தை மாசத்து மழை கேட்காமல் வந்து
கேட்காமலே போயிருந்தது.
ஈரம் பத்தொன்பது. பதினேழுக்கு இறங்கினால்தான் தராசு.
தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டால்
காய்ச்சல்காரன் வயிறு மாதிரி
நெல் சுட்டது.

கரண்டும் போனது.
திருப்பூரிலிருந்து அறுப்புக்கு வந்த பிரிட்டோ
ஒரு ஆட்டம் தெரியும் என்றான்.
ஊருக்குள் ஓநாய் ரெண்டு,
யாரென்று ஓநாய்க்கு மட்டும்தான் தெரியும்.
"குடவாசல்ல ஓநாயை எவன் பாத்தான்,
எலின்னு வையி" என்றார் ஜெகபர்.
சிரித்தோம். எலியென்றே வைத்தோம்.

பழைய டோக்கன் தாளைக் கிழித்து ஏழு சீட்டு.
எலி ரெண்டு. வைத்தியர் ஒன்று.
மிச்சமெல்லாம் குடியானவன்.
ராத்திரியில் எலி ஒரு மூட்டையைக் கடிக்கும்,
பகலில் ஊர் கூடி ஒருத்தரைத் துரத்தும்.
சுமைதூக்குகிற ரெண்டு பேர் உட்கார்ந்தார்கள்.
பட்டியல் எழுத்தர் தியாகேசன்கூட
நாற்காலியை விட்டு இறங்கிச் சாக்கில் உட்கார்ந்தார்.
பெண்கள் நானும் அஞ்சுகமும்தான்,
ஆறு நாளாய் ஒரே தார்ப்பாயில் படுக்கிறவர்கள்.

செல்போன் வெளிச்சத்தில் என் சீட்டைப் பிரித்தேன்.
எலி.

"எல்லாரும் கண்ணை மூடுங்க.
எலி மட்டும் கண் திற."

திறந்தேன்.
எதிரே தியாகேசன் கண் திறந்திருந்தது.

மூட்டைக்கு நாற்பது ரூபாய் என்று
பகலெல்லாம் நாங்கள் முணுமுணுக்கிற அதே கண்.
இப்போது அதில் பயமில்லை, அதட்டலில்லை,
கூட்டாளியைக் கண்டுகொண்ட குழந்தைச் சந்தோஷம்.
எனக்கும் உள்ளே ஏதோ துள்ளியது,
பொய் சொல்ல வேண்டாம்.
மோவாயால் உத்திராபதியைக் காட்டினார்.
காலையில் அந்த நாற்பதுக்கு
ரசீது கேட்ட உத்திராபதி.
நான் தலையாட்டினேன்.
ஆட்டம்தானே.

விடிந்ததாகப் பிரிட்டோ சொன்னான்.
உத்திராபதி செத்துப்போனார், சந்தோஷமாகவே.
செத்தவர் பேசக்கூடாதென்பது சட்டம்;
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் எலி, யார் எலி.
"அஞ்சுகம் வாயே தொறக்கலியே" என்றார் தியாகேசன்.
வாய் திறக்காதது எதனாலென்று எனக்குத் தெரியும்.
குத்தகை நிலம், மூணு தவணை பாக்கி,
நெல் கறுத்துவிடுமோ என்று
குவியல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.
அது எலியின் முகமில்லை.
எலியின் முகம் என்னிடம் இருந்தது.

கைகள் உயர்ந்தன. நாலாவது கை என்னுடையது.
அவள் என்னைப் பார்த்தாள்,
கோபமாக இல்லை,
"நீயுமா, சரி" என்பதுபோல.
சீட்டைக் காட்டினாள்.
குடியானவன்.

மறு ராத்திரி ஜெகபரைக் கடித்தோம்.
வைத்தியர் அவர்தானாம்.
தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கவே இல்லை.
எலி ஜெயித்தது.
"அக்கா நடிப்பு பிரமாதம்" என்று
தியாகேசன் கை தட்டினார்.
தண்ணீர் வற்றாத வாய்க்காலில் தவளைகளும்.
அன்று ராத்திரி அஞ்சுகம்
எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.
எப்போதும் அப்படித்தான் படுப்பாளோ என்னவோ,
அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

காலையில் வெயில்.
என் டோக்கன் நாற்பத்தொன்று.
உத்திராபதி முப்பத்தெட்டு. அஞ்சுகம் முப்பத்தொன்பது.
தியாகேசன் ஈரமானியோடு நேராக
என் குவியலுக்கு வந்தார்.
ஒரு கைப்பிடி அள்ளினார், ஊதினார், அழுத்தினார்.
முள் எங்கே நின்றதென்று எனக்குக் காட்டவில்லை.
"பதினேழு" என்றார். "மூட்டை புடிங்க."

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
இமை மட்டும் லேசாக இறங்கி ஏறியது.

என் முறை இல்லை என்று சொல்ல
ஒரு வாக்கியம் போதும்.
நாக்கில் வந்து நின்றது.
மேகம் ஒன்று வெட்டாற்றுப் பக்கம் திரண்டிருந்தது.
சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்தேன்.

நெல் விழுகிற சத்தம்.
உத்திராபதி பீடியைக் கீழே போட்டார்.
ஜெகபர், சுமைதூக்கிகள், அஞ்சுகம்.
கண்ணை மூடச் சொல்ல
யாரும் இல்லை.